அணுவின் அளவும் அணுவின் படமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் சாயங்காலம் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். அணு பாடம் வந்தால் வருஷாவருஷம் இதே கேள்விகள்தான். பெற்றோர்களும் கேட்பார்கள், டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரும் கேட்டிருக்கிறார். பதில்கள் ஒரே இடத்தில் இருக்கட்டுமே என்று எழுதி வைக்கிறேன். கால்குலேட்டரோடு உட்கார்ந்து கணக்குகளைக் கூடவே போட்டுப் பாருங்கள். வெறுமனே படித்தால் பாதிதான் ஏறும்.

சார், அணு எவ்வளவு பெரிசு? சுருக்கமா சொல்லுங்க.

குறுக்களவு ஒன்றிலிருந்து ஐந்து ஆங்ஸ்ட்ரம் வரை. ஒரு ஆங்ஸ்ட்ரம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு, அதாவது 10⁻¹⁰ மீட்டர். ஹைட்ரஜன் ஒரு ஓரம், சீசியம் மறு ஓரம், மற்றதெல்லாம் நடுவில். எடையில் யுரேனியம் ஹைட்ரஜனைப் போல் 236 மடங்கு. அகலத்தில் சுமார் மூன்று மடங்குதான். இந்த விசித்திரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கண்ணுக்கே தெரியாததை எப்படி அளந்தீங்க?

அளக்க வேண்டாம், கணக்குப் போட்டாலே வரும். தாமிர சபை இருக்கிற ஊர் இது, செம்பிலேயே போடுவோம்.

63.55 கிராம் செம்பில் 6.022×10²³ அணுக்கள் இருக்கின்றன. செம்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம். 63.55 ஐ 8.96 ஆல் வகுத்தால் 7.09 கன செ.மீ. இத்தனை அணுக்களும் அடைத்துக்கொள்ளும் மொத்த இடம் அது. அதை 6.022×10²³ ஆல் வகுத்தால் ஓர் அணுவின் பங்கு 1.178×10⁻²³ கன செ.மீ. இதற்குக் கனமூலம் எடுங்கள்: 2.28×10⁻⁸ செ.மீ., அதாவது 2.28 ஆங்ஸ்ட்ரம். பத்தாம் வகுப்புக் கணக்குதான், அணுவின் அளவு வந்துவிட்டது.

ஒரு திருத்தம் உண்டு. இந்தக் கணக்கு ஒவ்வோர் அணுவையும் ஒரு சதுரப் பெட்டிக்குள் வைத்தது. உருண்டைகள் அப்படி அடுக்கிக்கொள்ளாது; ஒன்றின் பள்ளத்தில் மற்றொன்று இறங்கி நெருங்கும். செம்பில் ஓர் அணுவைச் சுற்றிப் பன்னிரண்டு அணுக்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றன. திரும்பத் திரும்ப வரும் அடிப்படைக் கனசதுரம் ஒன்றுக்குள் நான்கு அணுக்கள். எனவே அதன் கன அளவு 4 × 1.178×10⁻²³, பக்கம் 3.61 ஆங்ஸ்ட்ரம். அணுக்கள் தொடுவது முகத்தின் மூலைவிட்டத்தில் என்பதால் பக்கத்தை √2 ஆல் வகுக்க வேண்டும். 2.55 வருகிறது. பாதி எடுத்தால் ஆரம் 1.28 ஆங்ஸ்ட்ரம். எக்ஸ் கதிரை வைத்து நேராக அளந்தால் அந்தப் பக்கம் 3.615. தராசும் அளவுச் சாடியும் கொடுத்த எண்ணுக்கும் எக்ஸ் கதிர் கொடுத்த எண்ணுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நீங்களே பாருங்கள்.

அலுமினியச் சட்டி லேசா இருக்கே தம்பி, அப்போ அதோட அணு செம்பு அணுவை விடச் சின்னதுதானே?

இல்லை அண்ணாச்சி, தலைகீழ். அலுமினியத்தின் அணு நிறை 26.98, அடர்த்தி 2.70. வகுத்தால் 9.99 கன செ.மீ.; செம்புக்கு 7.09 தான். அடுக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றேதான். கணக்கை முடித்தால் அலுமினிய அணுவின் குறுக்களவு 2.86 ஆங்ஸ்ட்ரம், செம்புக்கு 2.55. அலுமினிய அணு எடையில் செம்பில் பாதிகூட இல்லை, ஆனால் ஆள் பெரிசு.

அந்த 6.022×10²³ எங்கிருந்து வந்தது? அணுவின் அளவு தெரிஞ்சாத்தானே எத்தனை இருக்குன்னு எண்ண முடியும்? இது சுத்தி வளைச்சுப் பேசுற மாதிரி இருக்கு.

இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளையை முன் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும். சந்தேகம் நியாயமானது. அணுவின் அளவைத் தொடாத வேறு வழிகளில் அந்த எண் வந்தால்தான் வட்டம் உடையும்.

1865 இல் வியன்னாவில் லோஷ்மிட் ஒரு வழி கண்டார். வாயு மூலக்கூறு ஒன்று அடுத்ததில் மோதும் முன் சராசரியாக எவ்வளவு தூரம் ஓடும் என்பது வாயுவின் பாகுத்தன்மையிலிருந்து கிடைத்துவிடும். அதே வாயு திரவமானால் எவ்வளவு சுருங்கும் என்பதும் தெரிந்தால், இரண்டையும் சேர்த்து மூலக்கூறின் அகலத்தைக் கணக்கிடலாம். காற்றின் மூலக்கூறுக்கு அவருக்குக் கிடைத்தது சுமார் ஒரு நானோமீட்டர். உண்மையைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்குதான். அதுவரை யாருக்கும் எத்தனை சைபர் என்றே தெரியாது.

அடுத்தது பெரின். தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிசின் உருண்டைகள் ஓயாமல் துள்ளுவதை 1908 முதல் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, 1905 இல் ஐன்ஸ்டீன் கொடுத்த சூத்திரத்தில் போட்டு அந்த எண்ணை எடுத்தார். அதுவரை அணுவை நம்பாத வேதியியலாளர் ஆஸ்ட்வால்ட் 1909 இல் இறங்கி வந்தார். பெரினுக்கு 1926 இல் நோபல் பரிசு.

மூன்றாவது மில்லிகன். எண்ணெய்த் துளியை வைத்து ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்தார். மின்னாற்பகுப்பில் ஒரு மோல் அயனிக்கு, அதாவது நாம் தேடும் அந்த எண் அளவு அயனிகளுக்கு, தேவைப்படும் மொத்த மின்னூட்டம் ஃபாரடே காலத்திலிருந்தே தெரியும், சுமார் 96,485 கூலூம். ஒன்றை ஒன்றால் வகுத்தால் எண் வந்துவிடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. காற்றின் பாகுத்தன்மைக்கு மில்லிகன் எடுத்துக்கொண்ட மதிப்பு கொஞ்சம் தவறு. அதனால் அவருடைய மின்னூட்டம் அரை சதவீதத்துக்குச் சற்று மேலே குறைந்து போனது. பல வருஷம் கழித்து, எக்ஸ் கதிரின் அலைநீளத்தைக் கீற்றணி (நுண்கோடுகள் கீறிய தகடு) வைத்துத் தனியாக அளந்தபோதுதான் அது பிடிபட்டது. ஒரு வழியின் பிழையை இன்னொரு வழி காட்டிக்கொடுத்தது என்றால் இரண்டும் தனித்தனி வழிகள் என்றுதானே அர்த்தம்?

இப்போது அந்த எண் அளக்கப்படுவதே இல்லை. 2019 மே 20 முதல் 6.02214076×10²³ என்று வரையறையாகவே நிர்ணயித்துவிட்டார்கள்.

உப்பை வச்சும் இதே கணக்குப் போடலாமா?

போடலாம், செம்பை விடச் சுலபம். தூத்துக்குடி உப்பளத்துக் கல் உப்பைக் கையில் எடுத்தால் சதுரம் சதுரமாக உடைகிறதே, உள்ளே அணுக்களும் அப்படித்தான் நிற்கின்றன. பெட்டிக் கணக்கு இங்கே திருத்தமே இல்லாமல் பொருந்தும். சோடியம் குளோரைடின் மூலக்கூறு நிறை 58.44, அடர்த்தி 2.165. வகுத்தால் 26.99 கன செ.மீ. அதில் சோடியமும் குளோரினுமாக இரண்டு மடங்கு அயனிகள் இருப்பதால் 12.044×10²³ ஆல் வகுக்க வேண்டும். கனமூலம் 2.82 ஆங்ஸ்ட்ரம். ஒரு சோடியத்தின் நடுவிலிருந்து பக்கத்துக் குளோரினின் நடு வரை உள்ள தூரம் இது.

1913 இல் பிராக் தந்தையும் மகனும் செய்தது இதே கணக்கைத்தான். உப்பின் இந்த இடைவெளி தெரிந்ததால் எக்ஸ் கதிரின் அலைநீளம் கிடைத்தது. அது கிடைத்ததும் மற்றப் படிகங்களையெல்லாம் அளக்க முடிந்தது. 1915 இல் இருவருக்கும் நோபல். மகனுக்கு அப்போது வயது 25.

எண்ணெய் சோதனையை வீட்டில் செய்யலாமா?

தாராளமாக. லண்டனில் ஒரு குளத்தில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு, அது அரை ஏக்கர் பரவி நீரை அமைதியாக்கியதை பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1774 இல் எழுதினார். ஐந்து மில்லியை இரண்டாயிரம் சதுர மீட்டரால் வகுத்தால் தடிமன் 2.5 நானோமீட்டர். பாவம், அவர் வகுக்கவில்லை. 1890 இல் ராலே பிரபு வகுத்தார், 1.6 நானோமீட்டர் வந்தது. அதே காலத்தில் ஜெர்மனியில் ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்ற பெண், கல்லூரிப் பக்கமே போகாமல், வீட்டு அடுப்பங்கரையில் ஒரு தொட்டி செய்து ராலேயை விட நுட்பமாக அளந்துகொண்டிருந்தார். அவருடைய கடிதத்தை ராலேயே 1891 இல் 'நேச்சர்' இதழுக்கு அனுப்பி வெளியிட வைத்தார்.

நயினார்குளத்துக்கெல்லாம் போக வேண்டாம். ஆனி ஆடிக் காற்றில் படலம் நிற்காது. கல்யாணத் தாம்பாளம் போதும். சோப்பு வாசனைகூட இல்லாமல் கழுவி, தண்ணீர் நிரப்பி, மேலே முகப் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். பள்ளி லேபில் ஓலியிக் அமிலம் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் நல்லெண்ணெய். மெல்லிய கம்பியின் நுனியில் அரை மில்லிமீட்டர் துளி ஒன்றைப் பிடித்து, லென்ஸும் ஸ்கேலும் வைத்து அளந்து, நீரைத் தொட விடுங்கள். பவுடர் விலகி வட்டமாக இடம் விடும். வட்டம் 20 செ.மீ. வந்தால் தடிமன் 2 நானோமீட்டர். ஓலியிக் மூலக்கூறில் பதினெட்டு கார்பன் வரிசையாக இருக்கின்றன. பதினெட்டால் வகுத்தால் 1.1 ஆங்ஸ்ட்ரம், அணுவின் வாசலுக்கே வந்துவிட்டீர்கள்.

எச்சரிக்கை: துளியின் அகலத்தில் பத்து சதவீதம் பிசகினால் விடையில் முப்பது சதவீதம் பிசகும், கன அளவு என்பதால். ஸ்கேலை அவசரமாகப் படிக்காதீர்கள்.

சரி, அளவு கிடைச்சிடுச்சு. அப்போ அணுவோட மாதிரியும் கிடைச்ச மாதிரிதானே?

இல்லவே இல்லை. இந்தப் பாடத்தில் நான் ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன். மேலே போட்ட கணக்குகளில் எங்காவது எலக்ட்ரான் வந்ததா? அணுக்கரு வந்ததா? அணுவுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலே அதன் அளவு தெரிந்துவிட்டது. அதேபோல, ஒரு மாதிரி சரியான அளவைக் கொடுத்துவிட்டால் அது சரியான மாதிரி ஆகிவிடாது.

சாட்சி ஆர்தர் ஹாஸ். 1910 இல், வியன்னாவில், நேர்மின் உருண்டைக்குள் எலக்ட்ரான்கள் இருப்பதாகச் சொன்ன தாம்சனின் அணு மாதிரியை எடுத்துக்கொண்டு, அதில் ஒளியின் அதிர்வெண்ணையும் ஆற்றலையும் இணைக்கும் பிளாங்க் மாறிலியை நுழைத்தார். நேர்மின் உருண்டையின் விளிம்பில் சுற்றும் எலக்ட்ரானின் நிலை ஆற்றலும், பிளாங்க் மாறிலியை அதன் அதிர்வெண்ணால் பெருக்கினால் வருவதும் சமம் என்று எழுதினார். ஹைட்ரஜனின் ஆரத்துக்கு அவருக்குக் கிடைத்த சூத்திரம், மூன்று வருஷம் கழித்து நீல்ஸ் போர் கண்ட அதே சூத்திரம்! 0.529 ஆங்ஸ்ட்ரம். விடை சரி, மாதிரி தவறு. அவருடைய ஊர்க்காரர்கள் அதைக் கேலி பேசினார்கள் என்பது தனிக்கதை.

பள்ளியில் பட்டிமன்றம் சார். தாம்சனா ரூதர்ஃபோர்டான்னு. எனக்கு தாம்சன் அணி விழுந்துட்டு. தோத்துப் போவேனா?

1910 என்று தேதி போட்டுப் பேசினால் ஜெயிக்கலாம். பாடப்புத்தகம் தர்பூசணி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தாண்டிப் போவதால் தாம்சனை எல்லோரும் லேசாக நினைக்கிறார்கள்.

உன் பக்கப் பேச்சு இது. நேர்மின் உருண்டைக்குள் எலக்ட்ரான் அசையாமல் நிற்க முடியும், தட்டினால் அதிரும். உருண்டையின் ஆரம் ஒரு ஆங்ஸ்ட்ரம் என்றால் அதிர்வுக்குரிய ஒளியின் அலைநீளம் சுமார் 118 நானோமீட்டர், புற ஊதா. மூன்று ஆங்ஸ்ட்ரம் என்றால் கண்ணுக்குத் தெரியும் ஆரஞ்சு ஒளி. அணுக்கள் ஒளி விடுவதே இந்த வட்டாரத்தில்தான். எதிரணியைப் பார்த்து இரண்டு கேள்வி கேள்: "உங்கள் எலக்ட்ரான் கருவைச் சுற்றினால் ஒளி வீசி ஆற்றல் இழந்து, 10⁻¹¹ வினாடி அளவில் கருவில் விழுந்துவிடுமே? உங்கள் அணு இந்த அளவுதான் இருக்க வேண்டும் என்பதற்கு என்ன காரணம்?" இரண்டாவதுதான் கொல்லும் கேள்வி. எலக்ட்ரானின் நிறையையும் மின்னூட்டத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு அணுவின் நீளத்தைக் கொண்டுவரவே முடியாது. சனிக்கோளின் வளையம்போல எலக்ட்ரான்கள் சுற்றுவதாக 1904 இல் ஜப்பானின் நாகவோகா சொன்ன மாதிரிக்கும் இதே வியாதிதான்.

எதிரணியிடம் இருப்பது சோதனை. 1909 இல் கெய்கரும், இருபது வயது மாணவர் மார்ஸ்டனும் பிளாட்டினத் தகட்டில் ஆல்ஃபா துகள்களை மோதவிட்டார்கள். எண்ணாயிரத்தில் ஒன்று போலத் திரும்பி வந்தது. ஒரு ஆங்ஸ்ட்ரம் முழுக்கப் பரவிய நேர்மின்னூட்டத்துக்கு அந்த வேகத்தைத் திருப்பும் வலு கிடையாது. 1911 இல் ரூதர்ஃபோர்டு கணக்குப் போட்டார். நீயும் போடலாம்: 7.7 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஆல்ஃபா துகள், தங்கத்தின் 79 மின்னூட்டத்தை நேராக நெருங்கினால் 3×10⁻¹⁴ மீட்டரில் நின்று திரும்ப வேண்டும். அப்படியானால் நேர்மின்னூட்டம் முழுவதும் அதற்குள்ளே அடங்கியிருக்க வேண்டும். எந்தக் கோணத்தில் எத்தனை சிதறும் என்று அவர் சொன்னதை 1913 இல் கெய்கரும் மார்ஸ்டனும் சரிபார்த்தார்கள். இதற்கு தாம்சனிடம் பதில் இல்லை.

ஆனால் 1911 இறுதியில் நடந்த சால்வே மாநாட்டில் ரூதர்ஃபோர்டு உட்கார்ந்திருந்தும் அணுக்கருவைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அதையும் பட்டிமன்றத்தில் சொல்லு.

கரு அவ்வளவு சின்னதுன்னா எவ்வளவு?

ஹைட்ரஜன் கருவை ஒரு கடுகு என்று வைத்து, சுலோச்சன முதலியார் பாலத்தின் நடுவில் வைத்தால், எலக்ட்ரானின் எல்லை இரண்டு பக்கமும் சுமார் இருநூறு அடி தள்ளி இருக்கும். இடையில் வெற்றிடம் என்று எழுதாதீர்கள். எலக்ட்ரான் எங்கோ ஒரு மூலையில் ஓடும் புள்ளி அல்ல, அந்த இடம் முழுக்க விரவியிருப்பது அதுதான்.

போர் மாதிரி சரியா தப்பா? தப்புன்னா ஏன் இன்னும் பாடத்துல?

தப்பு. ஆனாலும் பாடத்தில் இருக்க வேண்டியதுதான்.

தாம்சன் அணியின் கொல்லும் கேள்விக்கு 1913 இல் பதில் வைத்தவர் நீல்ஸ் போர். பிளாங்க் மாறிலி உள்ளே வந்ததும் அணுவுக்கு ஒரு நீளம் கிடைத்துவிட்டது. ஹைட்ரஜனின் 656, 486 நானோமீட்டர் கோடுகள் கணக்கில் அப்படியே விழுந்தன. ஆனால் ஹீலியத்துக்குப் போனால் கணக்கு உதவாது. கோடுகளில் எது பிரகாசம், எது மங்கல் என்று சொல்லாது. ஹைட்ரஜனின் தாழ்ந்த நிலையில் எலக்ட்ரானுக்குச் சுற்று உந்தம் ஒன்று இருப்பதாகச் சொல்லும். உண்மையில் அது பூஜ்யம். 1926 இல் ஷ்ரோடிங்கரின் சமன்பாடு வந்த பிறகு வட்டப்பாதையே போய்விட்டது.

இருந்தும் 0.529 மட்டும் போகவில்லை. பாதையே இல்லாமல் அதைக் கொண்டுவரலாம். எலக்ட்ரானை ஓர் ஆரத்துக்குள் அடக்கினால், ஹைசன்பெர்க் விதிப்படி அதன் உந்தம் குறைந்தது சுருங்கிய பிளாங்க் மாறிலியை (பிளாங்க் மாறிலியை 2π ஆல் வகுத்தது) ஆரத்தால் வகுத்த அளவாவது இருக்கும். ஆரம் குறையக் குறைய இயக்க ஆற்றல் ஏறும், மின் ஆற்றல் இறங்கும். இரண்டின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருக்கும் ஆரம் எது? சுருங்கிய மாறிலியின் வர்க்கம் 1.112×10⁻⁶⁸. அதை எலக்ட்ரான் நிறை 9.11×10⁻³¹, மின்விசை எண் (கூலூம் மாறிலி × எலக்ட்ரான் மின்னூட்டத்தின் வர்க்கம்) 2.307×10⁻²⁸ இரண்டாலும் வகுங்கள். 5.3×10⁻¹¹ மீட்டர். கரு ஏன் எலக்ட்ரானை விழுங்குவதில்லை என்பதற்கும் இதே வரிதான் பதில்.

வேதியியல் டீச்சர் அணுவைச் சதுரப் பெட்டியா வரைஞ்சாங்களே?

அது லூயிஸின் மாதிரி. 1902 இல் குறிப்பெழுதி, 1916 இல் வெளியிட்டார். எட்டு மூலையில் எட்டு எலக்ட்ரான். இரண்டு பெட்டிகள் ஒரு விளிம்பைப் பகிர்ந்தால் ஒற்றைப் பிணைப்பு, ஒரு முகத்தைப் பகிர்ந்தால் இரட்டை. மூன்றாவது பிணைப்புக்குப் பெட்டியில் வழி இல்லை, மாட்டிக்கொண்டது. பெட்டி போனது, நீங்கள் இன்றும் வரையும் புள்ளிப் படங்கள் நின்றன.

ஒரே அணுவுக்கு ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு ஆரம் போடுதே?

அணுவுக்கு விளிம்பு கிடையாது. எலக்ட்ரான் மேகம் மெல்ல மெல்ல மங்கிக்கொண்டே போகும். எனவே "பக்கத்து அணுவின் நடுவரை உள்ள தூரத்தில் பாதி" என்று வைத்துக்கொள்கிறோம். பக்கத்தில் யார், எப்படி நிற்கிறார் என்பதைப் பொறுத்து எண் மாறும். பிணைப்பில் இருக்கும் குளோரினுக்கு 0.99, பிணைப்பில்லாமல் உரசி நின்றால் 1.75, அயனியானால் 1.81 ஆங்ஸ்ட்ரம். உலோக சோடியத்துக்கு 1.86, ஓர் எலக்ட்ரானை இழந்து உப்புக்குள் போனால் 1.02. உப்பில் 1.02 ஐயும் 1.81 ஐயும் கூட்டுங்கள், மேலே வந்த 2.82 ஏறக்குறையக் கிடைக்கும். பரீட்சையில் எந்த ஆரம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதினால் மதிப்பெண் கொடுக்க எனக்கு மனம் வராது.

காந்தத்தை வைத்தும் மேகத்தின் அகலத்தை உணரலாம். டயாகாந்தத் தன்மை (காந்தம் ஒரு பொருளை லேசாக விலக்குவது) மேக ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று 1905 இல் லாஞ்சவின் காட்டினார். படிகங்களின் காந்தத் தன்மை திசைக்குத் திசை மாறுவதை நுட்பமாக அளந்து, உள்ளே மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்து நிற்கின்றன என்று சொன்னவர் கே. எஸ். கிருஷ்ணன், 1898 இல், அன்றைய திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த வத்திராயிருப்பில் பிறந்தவர். ராமனோடு சேர்த்துத்தான் அவர் பெயரைச் சொல்வார்கள், இந்த வேலையை யாரும் சொல்வதில்லை.

அப்பா நகை வேலை செய்கிறார். தங்கத்தில் வெள்ளி எவ்வளவு வேண்டுமானாலும் கலக்கும் என்கிறார். ஏன்?

வெள்ளி: 107.87 ÷ 10.49 = 10.28. தங்கம்: 196.97 ÷ 19.3 = 10.21. ஒரே அடுக்கு முறை, கிட்டத்தட்ட ஒரே அளவு. இரண்டுக்கும் ஆரம் 1.44. ஒன்றின் இடத்தில் மற்றொன்று இடிக்காமல் உட்கார்ந்துவிடும். தங்கத்தில் 32 எலக்ட்ரான் கூடுதல், ஆனால் கருவில் 32 புரோட்டானும் கூடுதல், இழுத்துச் சுருக்கிவிடுகிறது. யுரேனியம் மூன்று மடங்குக்கு மேல் பெருக்காததற்கும் இந்த இழுப்பே காரணம்.

அணுவை யாராவது பார்த்திருக்காங்களா?

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 நானோமீட்டருக்குக் குறையாது, அணுவோ 0.3. அதனால் சாதாரண மைக்ராஸ்கோப்பில் ஒருபோதும் முடியாது. 1955 அக்டோபரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், எர்வின் முல்லரும் அவருடைய இந்திய மாணவர் கன்வர் பகதூரும் ஊசி முனையளவு டங்ஸ்டனின் அணுக்களைத் தனித்தனிப் புள்ளியாகத் திரையில் பார்த்தார்கள். 1981 இல் பின்னிக், ரோரர் இருவரும் செய்த வருடும் ஊடுருவு நுண்ணோக்கி அணுவைத் தடவிப் படம் வரைந்தது. ஆனால் அந்தப் படங்களிலும் தெரிவது மேகத்தின் மேடுபள்ளம்தான். கருவோ, சுற்றும் பாதையோ அல்ல.

கூடங்குளத்தில் உடைக்கிறார்களே, அது இதே அணுதானா?

அதே அணுதான், வேறு பகுதி. நாம் இவ்வளவு நேரம் அளந்தது எலக்ட்ரான் மேகம். விறகு எரிவதும் உப்பு கரைவதும் அதன் விவகாரம்; ஒரு கார்பன் அணு எரிந்தால் சுமார் நான்கு எலக்ட்ரான் வோல்ட். கூடங்குளத்தில் பிளவது யுரேனியத்தின் கரு. ஒரு பிளவுக்குச் சுமார் இருபது கோடி எலக்ட்ரான் வோல்ட். அந்தக் கருவின் ஆரம் சுமார் 7×10⁻¹⁵ மீட்டர், அணுவின் ஆரம் 1.56 ஆங்ஸ்ட்ரம். எத்தனை மடங்கு என்று வகுத்து எடுத்துக்கொண்டு வாருங்கள். அடுத்த வகுப்பில் அங்கிருந்து ஆரம்பிப்போம்.